பதிவுக் கட்டணம்

மியர்பேங்க், ஜூலைக் குளிர்.
எண்ணெய் ஆலை நாற்றம் கராஜுக்குள்ளும்.
கமிட்டியில் எட்டுப் பேர், ஏழு நாற்காலி.
எனக்கு நாற்பத்தொன்று;
இடது முழங்கால் என்னைவிட மூத்தது.

"கோலுக்கு ஒரு பையனைப் பார்க்கணும்"
கூரையைப் பார்த்துச் சொன்னான் தெய்வநாயகம்.

லாமண்ட்வில் லுங்கெலோ. பத்தொன்பது வயது.
போன மாதம் எதிரணியில் நின்று
காற்றில் படுத்து எடுத்தான் ஒரு பந்தை.
மறுமுனைக் கோலில் நின்றபடி
நான் கைதட்டித் தொலைத்தேன்.

கைகள் உயர்ந்தன.
படையாச்சி மட்டும் பாதி தூக்கித்
தலையைச் சொறிந்துகொண்டான்.

பொருளாளரும் நான்தான்.
அவன் பதிவுக்கு முந்நூற்றைம்பது ராண்ட்.
கையெழுத்து ஒத்துவரவில்லை,
இரண்டாவது காசோலை கிழித்தேன்.

"ஒன்றாம் நம்பர் ஜெர்சி எங்கே?"

துவைக்கப் போட்டிருக்கிறது என்றேன்,
ஸ்வெட்டர் ஜிப்பைக்
கழுத்துவரை இழுத்துவிட்டு.