இனம் என்ற கட்டம்

தேவிபட்டினம் சோதனைச் சாவடியில்
ராத்திரி ஒன்றரைக்கு இறக்கிய சாக்கு
விடியும்போது எங்கள் ஆபீஸ் தரையில்
கதவுப் பக்கமாக
நாலடி நகர்ந்திருந்தது.

எண்ணிக்கை முப்பத்தேழு.
பிடிபட்டவர் சாத்தையா, த/பெ கருப்பணன்.
வண்டி எண், நேரம், எல்லாம் எழுதியாயிற்று.
"இனம்?" என்று வாய்விட்டுப் படித்தேன்.
பெஞ்சில் இருந்த சாத்தையா எழுந்து
தன் இனத்தைச் சொன்னார்.
"உங்களுது இல்லை" என்றேன்.
உட்கார்ந்துகொண்டார்.

ரேஞ்சர் லீவு.
சாட்சிக் கையெழுத்துக்கு வந்த தொபியாஸ்
காரங்காட்டில் வள்ளம் வைத்திருப்பவர்,
குனிந்து பார்த்தார்.
"பேராமை இல்ல. அழுங்காமை இல்ல.
சித்தாமைக்கு மூக்கு இப்பிடி நீளாது.
இது கடலே இல்லம்மா,
கண்மாய்ச் சரக்கு."

அலமாரியில் ஒரு புத்தகம் உண்டு.
கரையான் விட்டுவைத்ததைப் படித்தேன்.
வகுப்பு, ஊர்வன. வரிசை, ஆமைகள்.
குடும்பம், கிரேக்கத்தில் என்னவோ;
மூன்று நகத்தான் என்று அர்த்தமாம்.
எண்ணிப் பார்க்க ஒன்றைத் தூக்கினேன்.
ஐந்து விரல். மூன்றில்தான் நகம்.
மற்ற இரண்டும் என்ன தப்பு செய்தன என்று
புத்தகத்தில் இல்லை.

முதுகில் தகடு கிடையாது, தோல்தான்.
அழுத்தினால் விளிம்பு
ஆறின தோசை மாதிரிக் கொஞ்சம் வளைகிறது.
பின்காலை உள்ளே இழுத்ததும்
அடிவயிற்றிலிருந்து இரண்டு மடிப்பு வந்து
பந்த் அன்று கடை சாத்துவதுபோல்
சாத்திக்கொள்கிறது.
அந்த மடிப்பு இருந்தால் ஒரு துணைக்குடும்பம்,
இல்லாவிட்டால் வேறு.

"அப்ப ஏழுவரி?" என்றார் தொபியாஸ்.
"அதுக்கும் தோல் முதுகுதான.
வள்ளம் தண்டி இருக்கும்."
பக்கம் புரட்டினேன்.
அது இவற்றோடு சேராது.
தனிக் குடும்பம்.
அந்தக் குடும்பத்தில் உயிரோடு இருப்பது
அது ஒன்றுதான்.
ஹமீதா நாச்சியார் என்ற ஒற்றைப் பெயரோடு
என் ரேஷன் கார்டு
மேசை டிராயரில் கிடந்தது.
டிராயரை மூடினேன்.

இனப்பெயருக்குப் புள்ளியுள்ளது என்று பொருள்.
கையில் இருந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்,
ஒரு புள்ளி இல்லை.
அடிக்குறிப்பு சொன்னது:
வடக்கே இருப்பதற்குத்தான் மஞ்சள் புள்ளி.
பெயரை முதலில் வாங்கியது நம்முடையது.
மணி பதினொன்று. சாக்கு காய்கிறது.
தண்ணீர் தெளிக்க ஒரு குடம் கேட்டேன்.

குடத்தைக் கொண்டுவந்தது சாத்தையா.
"பாலாமைங்க அது" என்றார்,
தெளித்துக்கொண்டே.
காலையிலிருந்து அவரை
ஒருத்தரும் கேட்கவில்லை.

அவர் மேல் போட்ட வழக்கில்
அவர் சொன்ன பெயரை எழுதினேன்.
கடைசி எழுத்தில் இருக்கும்போது
மேசை மேல் இருந்தது கழுத்தை நீட்டிப்
பேனாவைக் கவ்வியது.
இனத்தில் தொடங்கிய கோடு
படிவத்தைக் குறுக்கே கிழித்துக்கொண்டு போய்ப்
பிடித்த அதிகாரியின் பெயர் மேல் நின்றது.

அடித்தல் ஒன்று, திருத்தல் இல்லை என்று
ஓரத்தில் குறித்துச்
சுருக்கொப்பம் இட்டேன்.