பலா என்னும் இடத்தில்

மஞ்சக்குப்பத்தில் மருந்துக்கடை மாடியில் என் ஸ்டுடியோ.
பெயர்ப்பலகையில் ‘பல்லூடக மையம்’.
புங்கமரக் கிளையொன்று குறுக்கே வளர்ந்து
இப்போது ‘பல்’ மட்டும் தெரிகிறது.
வாரம் ஒருவராவது படியேறி வருகிறார்
கன்னத்தில் கை வைத்தபடி.

அவர்களுக்குச் சொல்வேன்:
எழுத்து, படம், ஒலி, அசைவு
எல்லாவற்றையும் ஒரே அடுப்பில் ஏற்றுகிற வேலை, ஐயா.
காதுகுத்து அழைப்பிதழில் தானாகத் திறக்கும் தங்கக் கதவு,
கண்ணீர் அஞ்சலிக்குப் பின்னால் நகரும் மேகம்,
பள்ளிக்கூட விழாவுக்கு ஏழு நிமிடத்தில் சூரியக் குடும்பம்.
கடைவாய்ப்பல் வலிக்கிறவருக்கு இது எதற்கு?
ஆனாலும் ஒருவர் உட்கார்ந்து
சனியின் வளையம் சுற்றுவதைப் பார்த்துவிட்டு
“கொஞ்சம் தேவலை” என்று இறங்கிப் போனார்.

இருசப்பனுக்குப் பல்வலி இல்லை.
வந்ததும் தாளொன்றை நீட்டினார்:
பண்ருட்டி பலா. தேன் சுளை. கிலோ நூறு.
நல்ல சத்தமாக.
காதைத் தொட்டுக் கையை விரித்தார்.
வாயைத் தொட்டு மறுபடி விரித்தார்.
கீழே தள்ளுவண்டி. நாலு பழம்.
விலைச்சீட்டு கிழிக்காத புது ஒலிபெருக்கி.

மைக் முன்னால் எச்சில் விழுங்கி
மூன்று தரம் பேசினேன்.
போட்டுக்காட்டப் பொத்தானை அழுத்திய பிறகுதான்
யாருக்கு என்று உறைத்தது.

அவரோ திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
என் குரல் அங்கே பச்சை நிறத்தில்
மேடும் பள்ளமுமாகக் கிடந்தது.
உயரமான மேட்டில் விரல் வைத்தார். இது?
தாளில் ‘நூறு’ காட்டினேன்.
முன்னால் குட்டையாக ஒன்று. இது?
‘பலா.’
அவருக்குக் கோபமே வந்துவிட்டது.
விலையைக் கத்துகிறாய், பழத்தை முணுமுணுக்கிறாய்!
இதைக் கையால்தான் சொன்னார்;
ஒரு எழுத்து விடாமல் புரிந்தது.

பதினோரு வருஷமாகக் குரல் விற்கிறேன்.
நகைக்கடை, இருமல் மருந்து, தண்ணீர் லாரி,
‘வாகனம் பின்னால் வருகிறது’ உட்பட.
கேட்கிற காது ஒன்றும் சொல்லாத திருத்தம்.
தலைகுனிந்து மறுபடி பேசினேன்.
இந்தத் தரம் பலா
துறைமுகத்துக் கலங்கரை விளக்கம் போல் எழுந்தது.
அவர் முகத்தில் வியாபாரம் தொடங்கிவிட்டது.

உடனே போனை மைக் தண்டில் சாய்த்து வைத்து
மனைவியைக் கூப்பிட்டார், வீடியோவில்.
அஞ்சலாட்சி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார்.
சோப்பு நுரைக் கையாலேயே கேள்வி கேட்டார்:
எவ்வளவு கொடுத்தாய், குறைக்கச் சொன்னாயா,
அந்தப் பெண் யார்.
நடுவில் சிக்னல் விட்டது.
நுரை சொட்டாமல் நின்றது, கை
ஒரு சொல்லின் பாதியில் உறைந்தது.
நாமாக இருந்தால் ஹலோ ஹலோ என்று கத்தியிருப்போம்.
அவர் அந்தப் பாதிச் சொல்லைப் பார்த்தபடி
பொறுமையாக இருந்தார்,
மீதி வரும் வரை.

பத்து நாள் கழித்து லாரன்ஸ் ரோட்டில்
ஆட்டோ ஹாரன்களுக்கு நடுவே
நானே என்னைக் கூவிக்கொண்டு வந்தேன்.
கண்ணாடிக்காரர் ஒருவர் என் குரலோடு பேரம் பேசினார்:
“நூறா? எண்பதுக்குக் கொடும்மா.”
“தேன் சுளை” என்றேன் நான், ஒலிபெருக்கியிலிருந்து.
“சரி, தொண்ணூறு.”
“கிலோ நூறு.”
இருசப்பன் உள்ளங்கையை
ஒலிபெருக்கியின் முதுகில் வைத்திருந்தார்,
காய்ச்சல் பார்க்கிற மாதிரி.
ஒருமுறை எதற்கோ திடுக்கிட்டுத் திரும்பி பேட்டரியை மாற்றினார்.
அதற்குப் பிறகுதான் எனக்கே தெரிந்தது,
என் குரல் கொஞ்சம் இழுபட்டிருந்தது என்று.

ஆடியில் மறுபடி படியேறி வந்தார்.
வரத்து ஜாஸ்தி; நூறை எண்பதாக்க வேண்டும்.
ஒரே ஒரு சொல்லைப் பேசி
பழையதை வெட்டிப் புதியதை ஒட்டினேன்.
எண்பது கொஞ்சம் குட்டையாகிவிட்டது.
உயர்த்தட்டுமா என்று கட்டைவிரலைத் தூக்கினேன்.

குனிந்து அளந்து பார்த்தார்.
வேண்டாம் என்று கையசைத்தார்.
விலை இறங்கியிருக்கிறது அல்லவா,
இறங்கியே இருக்கட்டும்.