பதினைந்தாவது பெயர்

சுங்கை தெராத்தாய் இடைநிலைப்பள்ளியில்
தமிழ் வகுப்பு நடக்கப் பதினைந்து பேர் வேண்டும்.
பதினைந்து பேர் இருக்கிறார்கள்.
பதினைந்தாவது, யுகேந்திரன்.
அவன் நாற்காலி மட்டும் தவறாமல் வருகிறது.

செம்பனை ஆலையின் புகை
மூன்றாம் பாடவேளைக்குச் சரியாக உள்ளே நுழையும்.
அதற்கும் வருகை போடலாம்.
லோஷினி மூக்கைப் பொத்திக்கொண்டே
செய்யுள் ஒப்பிப்பாள்.

கல்வி இலாகாவுக்கு இரண்டு பாரங்கள்.
நீலத்தில்: எத்தனை பேர்.
வெள்ளையில்: எத்தனை பேர் தேறினார்கள்.
போன சோதனைக்கு யுகேந்திரன் வரவில்லை.
பதினைந்தில் பதினான்கு.
தொண்ணூற்று மூன்று புள்ளி மூன்று, மூன்று,
முடியவே முடியாத அந்த மூன்று.

துணைத் தலைமையாசிரியர் ஃபவுசி நல்லவர்.
கால்குலேட்டரை என் பக்கம் திருப்பி,
பெயரை எடுத்துவிட்டால் நூறு, சிகு, என்றார்.
நூறுதான்.
நூறு விழுக்காடு, பதினான்கு பேர்,
அடுத்த ஆண்டு அட்டவணையில்
தமிழ் இருந்த கட்டம் காலி.

சனிக்கிழமை பதினேழாம் கட்டைக்குப் போனேன்.
லயத்தில் பாதி வீடுகளில் இப்போது வங்காளதேசத்துப் பாட்டு.
அப்பா இரவு வேலை முடித்துத் தூக்கம்.
அவன் மரத்தடியில்
உதிரிப்பழம் பொறுக்கிக்கொண்டிருந்தான்,
கோணி அவன் இடுப்பு உயரம்.
அறிவுரையோடுதான் வந்திருந்தேன்,
மோட்டார் சைக்கிளிலேயே ஒத்திகை பார்த்து.

"டீச்சர், நான் வந்து சோதனையில விழுந்தா
பள்ளிக்கு நட்டமா?"
ஆமாம்.
"வராம, பேரையும் எடுத்துட்டா?"
அதுவும் நட்டம்தான்.
விரல் முள்ளைப் பல்லால் இழுத்துத் துப்பினான்.
"அப்போ பேரு மட்டும் இருந்தா போதும், இல்லையா?"

ஒரு நாய் கோணியை மோந்துவிட்டுப் போனது.
திரும்பும் வழியெல்லாம்
எனக்குப் பதில்கள் தோன்றிக்கொண்டே இருந்தன.
ஒன்றுக்காகவும் நான் வண்டியைத் திருப்பவில்லை.

ஜூலைச் சோதனைக்கு வந்தான்.
பழ லாரியில் வந்து இறங்கினான்,
சட்டை வேறு யாருடையதோ, பெயர்ப்பட்டையில் பவித்திரன்.
கட்டுரை: நான் ஒரு குடை.
நூற்றைம்பது சொல் கேட்டிருந்தேன்.
அவன் எழுதியது இவ்வளவு:
நான் ஒரு குடை. மழை இல்லாத நாளில்
என்னை யாரும் தேடுவதிள்ளை.
மழை வந்தால் எங்கே எங்கே என்பார்கள்.

ளகரத்துக்கு ஒரு புள்ளி குறைத்தேன்.
மொத்தம் முப்பத்தெட்டு. தேற நாற்பது.
அந்த இரண்டு புள்ளியை
நள்ளிரவு வரை தாளில் தேடினேன்,
முதுகுப் பக்கம்கூடத் திருப்பிப் பார்த்தேன்.

நீலப் பாரத்தில் பதினைந்து என்று போட்டேன்.
வெள்ளையில் தொண்ணூற்று மூன்று, ஒரு புள்ளி,
பிறகு மூன்று, மூன்று, மூன்று, மூன்று
என்று எழுதிக்கொண்டே போனேன்,
கட்டம் தீரும்வரை.