அரை நொடிக்கும் குறைவாக

இனாரியில் ஜூலை மாதம் சூரியன் மறைவதில்லை.
அதைப் படித்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.
படித்தது வேறு,
இரவு ஒரு மணிக்குப் போர்வையை விலக்கினால்
சுவரில் வெயில் அடிப்பது வேறு.

பதினொரு நாட்டுப் பிள்ளைகள். விடுமுறையில் காலியான பள்ளிக்கூடம்.
காலையில் கம்பு ரொட்டி, மாலையில் கொசு,
நடுவில் இயற்பியல்.
எனக்கு வாய்த்த கூட்டாளி ஹில்லா, உள்ளூர்க்காரி.
கேள்வி கேட்டால் பத்து நொடி கழித்துத்தான் வாய் திறப்பாள்.
அந்தப் பத்து நொடிக்குள்
மூன்று பதில் சொல்லி
மூன்றையும் மாற்றியிருப்பேன் நான்.

முதல் சோதனை ஊசல்.
அவள் அப்பாவின் தூண்டில் நரம்பு, ஓர் ஈயக்குண்டு,
உடற்பயிற்சிக் கூடத்தில்
பனிச்சறுக்குக் கட்டைகளை மாட்டும் இரும்புச் சட்டம்.
நீளம் சரியாக இரண்டு மீட்டர்.
ஐம்பது முறை போய்வர எத்தனை நொடி?
அவள் எண்ணினாள், நான் கடிகாரத்தை அழுத்தினேன்.

நூற்று நாற்பத்தொன்று புள்ளி ஏழு.
மறுபடி. புள்ளி எட்டு.
மறுபடி. புள்ளி ஏழு.

வகுத்துப் பார்த்தால் ஈர்ப்பு முடுக்கம்
ஒன்பது புள்ளி எண்பத்து மூன்று.
தப்பு.
கீட்டோவில் இதே சோதனைக்கு
ஒன்பது புள்ளி எழுபத்தேழு வாங்கியவள் நான்.
அந்தத் தாளைக் காட்டித்தான் இங்கே இடம் பிடித்தேன்.
என் கட்டைவிரல் அவசரப்பட்டிருக்க வேண்டும்.

ஹில்லா தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள்.
மூன்று வரியிலும் பூஜ்யம் புள்ளி நான்கைக் கூட்டினேன்.
அரை நொடிகூட இல்லை.
ஒன்றை இரண்டாக்க ஒரு வளைவு போதும்,
பேனாவுக்கே தெரியாது.

மறுநாள் எல்லோர் விடையும் பலகையில் ஏறியது.
கசாக் பையன் தௌலெத்: எண்பத்து மூன்று.
நைரோபியிலிருந்து வந்த ந்யாம்புரா: எண்பத்திரண்டு.
எண்பத்து மூன்று. எண்பத்து மூன்று. எண்பத்திரண்டு.
எழுபத்தேழு.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.
தௌலெத் மட்டும்
"இதை எந்த ஊரில் அளந்தீர்கள்?" என்றான்,
நிஜமாகவே தெரிந்துகொள்ள.

பூமி உருண்டை இல்லை, இடுப்பில் பெருத்தது.
என் ஊர் அதன் தொந்திமேல், அதிலும் மலை உச்சியில்.
மையத்திலிருந்து தள்ளி வாழ்கிறவர்கள் நாங்கள்.
பற்றாததற்குப் பூமி சுற்றும் வேகம் வேறு
எங்களை மெல்ல வெளியே தள்ளுகிறது.
இங்கே அப்படியில்லை.
வந்திறங்கிய நாள் முதல் மண் என்னைக்
கால் கிலோ கூடுதலாக இழுத்திருக்கிறது.
நானோ அதை ஏக்கம் என்று நினைத்து
அம்மாவிடம் தொலைபேசியில் அழுதிருக்கிறேன்.

பாடப்புத்தகத்தில் இருந்தது இது. மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன்.
எங்கள் ஊர் எண் எங்கள் ஊருக்கு மட்டும்தான் என்று
ஏனோ தோன்றவே இல்லை.

சாப்பாட்டு மேசையில் ஹில்லா
தன் நோட்டுப் புத்தகத்தை என் பக்கம் தள்ளினாள்.
பென்சிலில் மூன்று வரி.
புள்ளி ஏழு, புள்ளி எட்டு, புள்ளி ஏழு.
"உனக்குத் தெரியுமா?"
பத்து நொடி.
"பார்த்தேன்."
"ஏன் சொல்லவில்லை?"
இந்த முறை பத்து நொடி கடந்தும் பதில் இல்லை.
உருளைக்கிழங்கின் தோலை உரித்துக்கொண்டிருந்தாள்.

நள்ளிரவு தாண்டி, வெயிலில்,
கூடத்துக்குத் தனியாகப் போனேன்.
பழைய எண்களை அழிக்கவில்லை.
குறுக்கே ஒரே கோடு, படிக்கிற மாதிரி.
குண்டை ஒரு சாண் இழுத்து விட்டேன்.
கதவு திறந்த சத்தம்.
ஹில்லா, காலுறையோடு, கையில் பென்சில்.
அவள் ஃபின்னிஷில் எண்ணுகிறாள், நான் ஸ்பானிஷில்.
இருபதுக்கு மேல் அவள் எண்கள் நீண்டுகொண்டே போகின்றன,
ஆனாலும் குண்டு திரும்பும் இடத்தில்
இருவரும் ஒன்றாக வந்து நிற்கிறோம்.

முப்பத்தேழு.
கடிகாரம் பிடித்த கையில் ஒரு கொசு உட்காருகிறது.
குடிக்கட்டும்.
முப்பத்தெட்டு.