அரைக்கால் அங்குலம்

குடிவந்த அன்றே தெரிந்துவிட்டது.
பையிலிருந்து தப்பிய உருளைக்கிழங்கு ஒன்று
யாரும் தள்ளாமலே அடுக்களையைக் கடந்து
பக்கத்து வீட்டுச் சுவரில் போய் முட்டி நின்றது,
வழி தெரிந்த ஆள் மாதிரி.

கிளேஸ் பேயில் வீடுகள் இப்படித்தான்.
சுரங்கக் கம்பெனி கட்டிய ஒரே கூடு,
நடுவே ஒரு சுவர்.
இந்தப் பாதி எங்களுடையது, மஞ்சள்.
அந்தப் பாதி டெல்ஃபீனுடையது, பச்சை.
கூரைகூட நட்டநடுவில் கோடு கிழித்து நிறம் மாறும்.
கம்பெனி போயிற்று, கரி போயிற்று.
கடலுக்கடியில் தோண்டிய வழிகளில் இப்போது தண்ணீர்.
அதனால்தான் ஊரே சரிகிறது என்பார்கள்.
உளுத்த கட்டை, வேறொன்றுமில்லை என்பான் மர்டக்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.
எனக்கு ஆடவும் தெரியாது,
கூடமும் கோணல்தான்.
ரசமட்டத்தின் குமிழி ஓரத்தில் ஒட்டிக்கொண்டு
நடுவுக்கு வரமாட்டேன் என்றது.
அளந்தோம்: இரண்டேகால் அங்குலம்.

முதலில் சுலபமான வழி பார்த்தோம்.
தானே மட்டமாகிக்கொள்ளும் கலவை என்று
வாளியில் விற்கிறார்கள்.
ஊற்றினோம். சொன்னபடி மட்டமாகத்தான் ஆனது,
பலகை இடுக்கில் இறங்கி
நிலவறையில், மர்டக்கின் குளிர்கால டயர்கள் மேல்.

பிறகு லினோலியத்தை உரித்தோம்.
சாம்பல் நிறம், அதனடியில் சிவப்புக் கட்டம்,
அதனடியில் பூப்போட்டது,
பூவுக்கடியில் மஞ்சளித்த செய்தித்தாள்:
கம்பளிக் காலுறை தள்ளுபடி,
யாரோ ஒருவரின் பசு காணவில்லை.
பசு கிடைத்ததா என்று பக்கம் பக்கமாகத் தேடியதில்
சூப் அடிப்பிடித்தது.

கடைசியில் ஜாக்கி.
உத்திரத்துக்குக் கீழே நிறுத்தி
வாரம் அரைக்கால் அங்குலம், அதற்கு மேல் கூடாது,
அவசரப்பட்டால் சுவர் வெடிக்கும்.
ஞாயிறுதோறும் மர்டக் கீழே கைப்பிடியைத் திருப்புவான்,
நான் மேலே குமிழியைப் பார்த்துக் கத்துவேன்.
வீடு முனகும்.
இருபது வருஷத்தில் எதையும்
இவ்வளவு பொறுமையாக அவன் தூக்கி நான் பார்த்ததில்லை.

பதினோராம் வாரம் டெல்ஃபீன் வந்தாள்,
முதியோர் இல்லத்து இரவு ஷிப்டு உடையோடு.
"சாமான் அறைக் கதவு மூடமாட்டேன் என்கிறது.
குளியலறைக் கதவு திறக்கமாட்டேன் என்கிறது.
நேற்று அரைமணி நேரம் உள்ளேயே கிடந்தேன்."

டார்ச்சோடு மூவரும் கீழே இறங்கினோம்.
சுவர்தான் வீட்டை இரண்டாக்கியிருந்தது;
உத்திரத்துக்கு அந்தச் சேதி எட்டவில்லை.
ஒரே மரம், எங்கள் பாதியில் தொடங்கி
செங்கல்லைத் துளைத்துக்கொண்டு
அவள் பாதிக்கு, யாரையும் கேட்காமல்.

மர்டக் ஜாக்கியைப் பார்த்தான்.
"இன்னும் எவ்வளவு பாக்கி?" என்றாள் அவள்.
"முக்காலே அரைக்கால்."
"அதில் பாதியை விட்டுவிடுங்களேன்."

மூன்று வாரம் மட்டும் திருப்பினோம்.
அரை அங்குலம் அப்படியே இருக்கிறது.
அவள் கதவுகளை மர்டக் கழற்றி வந்து
எங்கள் அடுக்களையில் கிடத்தி இழைத்தான்.
பச்சைச் சுருள்கள் சீனிப்பாத்திரம் வரை.

இத்தனைக்கும் பிறகு மேசை ஆடத் தொடங்கியது,
வீட்டோடு எங்களுக்கு வந்த மேசை.
கவிழ்த்துப் பார்த்தால்
இரண்டு காலுக்கடியில் மட்டும் கட்டை வைத்து ஆணியடித்து
மேலே அதே நீலத்தைப் பூசியிருந்தார்கள்,
தூரிகைத் தடம்கூடத் தெரியாமல்.
தரையோடு சண்டை போடாத யாரோ.
எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.
கட்டைகளை முழுதாய்க் கழற்றவில்லை,
அரை அங்குலத்துக்கு அறுத்துக்கொண்டேன்.

இரவில் தண்ணீருக்கு எழுந்தால்
கால் இன்னும் பழைய சரிவுக்குத் தயாராகி
இல்லாத பள்ளத்தில் இடறுகிறது.
நின்று குடிக்கிறேன்.
சுவருக்கு அந்தப் பக்கம்
ஷிப்டு முடிந்து வந்து டெல்ஃபீன் கதவைச் சாத்துகிறாள்.
ஒரே தள்ளில் மூடுகிறது.