ஓட்டுக் கணக்கு

எலெக்‌ஷன் அன்னிக்கு எங்க பள்ளிக்கூடத்துல
ஓட்டுப் போடுவாங்க.
மத்த நாள்ல நாங்க
ஓடு எண்ணுவோம்.

சிரிக்காதீங்க.
கொடுங்கையூர் கார்ப்பரேஷன் மிடில் ஸ்கூல்,
சமையல்கட்டு. நான் சகாயமேரி.
நூத்தி நாப்பத்திமூணு தட்டு,
நூத்தி நாப்பத்திமூணு முட்டை.

ஆடி மாசம் பத்மாசனி டீச்சர் ஒரு தராசோட வந்தாங்க.
மீன் கடையில கழிச்சுக் கட்டினது,
முள்ளு எப்பவும் கொஞ்சம் தள்ளியே நிக்கும்.
"மிஞ்சுனத எடை போடப் போறோம்"னாங்க.
"வீசுற சோறு எங்க போவுது, சொல்லுங்க?"
பசங்க மூக்கப் பொத்திக்கினே கை காட்டுச்சுங்க.
காத்து அந்தப் பக்கமிருந்துதான் அடிச்சுது,
குப்பைமேடு ஜன்னலுக்குள்ளயே உக்காந்திருந்துச்சு.
"எங்கப்பா லாரிலதான் போவுது டீச்சர்"னான் ஜோயல்.
பெருமையாதான் சொன்னான்.

ஒரு பிடி அரிசி வெளையறதுக்கு எவ்ளோ தண்ணி,
எங்க தெருவுல லாரித் தண்ணி வீட்டுக்கு எத்தினி குடம்,
ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதுச்சுங்க.
அப்புறம் யாரும் அதப் பத்திப் பேசல.

முதல் வாரம் நாலு கிலோ மிச்சம்.
மூணாவது வாரம் ரெண்டு.
வியாழக்கிழமை மட்டும் கோடு எகிறி நின்னுச்சு.
"ஏன் வியாழன்?"னு அபிநயா வந்து கேட்டா,
ஆறாவது, ரெட்டை ஜடை, எண்ணெய் வழியிற நெத்தி.
"அன்னிக்கு மட்டும் சோறு அரைவேக்காடா இருக்குக்கா."

சிலிண்டர் வெள்ளிக்கிழமைதான் வரும்.
வியாழன் அடுப்ப நான் சின்னதாத்தான் வெப்பேன்.
பதினோரு வருஷத்துல என்னை யாரும்
இப்பிடிப் புடிச்சதில்ல.
ராத்திரி தூக்கம் வரல.
அடுத்த வாரம் அரிசிய முன்னாடியே ஊற வெச்சேன்.

அதோட விட்டாங்களா.
முட்டை ஓடு தனியா. முருங்கைக் கன்னுக்கு உரம்.
எண்ணித்தான் குழியில போடணும்.
வேக வெச்சது நூத்தி நாப்பத்திமூணு.
குழிக்கு வந்தது நூத்திப் பதினாறு.

இருபத்தேழு.

போர்டுல அந்த நம்பர் ரெண்டு நாள் இருந்துச்சு.
ஹெச்.எம். என் பையப் பாத்தாரு. வாயத் தொறக்கல, பாத்தாரு.
நானே ஜிப்ப இழுத்துக் காட்டினேன்:
காசில்லா பஸ் டிக்கெட்டு, ஜெபமாலை, பி.பி. மாத்திரை.

வெள்ளிக்கிழமை இருபத்தேழு முப்பத்தொண்ணாச்சு.
சனி ஞாயிறு ஸ்கூல்ல சோறு கிடையாதில்ல.

"எங்க போவுது?"ன்னு டீச்சர் கேட்டாங்க.
அதே கேள்விதான்.
இந்த வாட்டி யாரும் ஜன்னலப் பாக்கல.
அபிநயா ஜாமெட்ரி பாக்ஸ மடியில வெச்சு
அழுத்திப் புடிச்சிருந்தா.
காம்பஸ் தொலைஞ்ச பாக்ஸு.
முட்டை ஒண்ணு சரியா உக்காரும்.

டீச்சர் சாக்பீஸ எடுத்தாங்க.
போர்டுல "சாப்பிட்டது"ன்னு ஒரு கட்டம் இருந்துச்சு,
"வீணானது"ன்னு ஒண்ணு.
பக்கத்துல இன்னொரு கட்டம் போட்டு
"வீட்டுக்கு"ன்னு எழுதினாங்க.
அவ்ளோதான். பெல் அடிச்சுது.

திங்கக்கிழமை காலையில
சமையல்கட்டு வாசல்ல பேப்பர் பொட்டலம்.
டிபன் மூடியில கொஞ்சம். ஜாமெட்ரி பாக்ஸ்ல ஒண்ணு.
எல்லாம் ஓடு.
ஒண்ணுல உரிச்ச கையோட மிளகாத்தூள்.
ஒண்ண ஏதோ குட்டி விரல்
மாவு மாதிரி நொறுக்கி வெச்சிருந்துச்சு, எண்ண முடியல.
"ஒண்ணுன்னே போட்டுக்குங்க"ன்னான் ஜோயல்.
"என் தம்பிக்கா. அவனுக்கு இன்னும் உரிக்கத் தெரியாது."

குழியில கொட்டி எண்ணினோம்.
முப்பத்தொண்ணு.

ஆபீசுக்குப் போற ரிஜிஸ்டர்ல
அந்த மூணாவது கட்டம் கிடையாது.
அதுக்கு நான் இன்னா பண்ணுவேன்.
இன்னிக்கு வியாழன்.
அரிசி ஊறுது.