மூன்றாம் அடுப்பு

படிவத்தில் ஒரு கட்டம்: கோரும் மாற்றம்.
விளக்கு, நான்கு, அடுப்புக்கு ஒன்று
என்று எழுதியிருந்தாள் ஊர்வே.
காரணம் என்ற இடத்தில்
எனக்கு மணி கேட்காது என்று எழுதவில்லை.
நான் இருப்பது மணிக்குத் தெரியாது என்றிருந்தது.

டார்டு நகரம். பிப்ரவரி. விடிகாலை மூன்று.
வெளியே ஆறு உறைந்து கிடந்தது.
உள்ளே இருநூற்றுப் பத்துக் கம்பு ரொட்டி
புளித்து எழுந்துகொண்டிருந்தது.
ஷிப்ட் மேற்பார்வை நான்தான்.
பதினொரு வாரம் அந்தத் தாள்
என் மாவுக் கணக்கு நோட்டுக்கு அடியில்.
மறுக்கவில்லை.
மறுத்தால் கையெழுத்துப் போட வேண்டுமே.

அதுவரை அவள்
பிசைவதும் திரும்பிக் கடிகாரம் பார்ப்பதும்
பிசைவதும் திரும்பிப் பார்ப்பதுமாக
கழுத்தாலும் வேலை செய்தாள்.
ஒருநாள் பின்னாலிருந்து தோளைத் தட்டினேன்.
தூக்கிவாரிப் போட்டது அவளுக்கு.
தட்டு சாய்ந்து ஒரு ரொட்டி தரையில்.
எடுத்தாள், ஊதினாள், முத்தமிட்டாள்.
விழுந்த ரொட்டிக்கு எங்கள் ஊர் வழக்கம் அது.
விழவைத்தவனுக்கு என்ன வழக்கம் என்று
யாரும் சொல்லிவைக்கவில்லை.

மறுநாள் நோட்டைத் தூக்கினேன்.

ரைவோ வந்து
ஒரே மதியத்தில் மாட்டிவிட்டுப் போனான்.
மஞ்சள் விளக்கு. நான்கும் சேர்ந்து
என் ஒரு வாரக் காப்பிச் செலவு.

அப்புறம் நடந்ததை நான் கவனிக்கவில்லை,
யாருமே கவனிக்கவில்லை.
கல்யு ரேடியோவைக் கூட்டி வைத்தான்.
புதுப் பையன் காதில் எதையோ சொருகிக்கொண்டான்.
நானே கூட, மணி அடித்தால்
முதலில் நிமிர்ந்து
மஞ்சள் எரிகிறதா என்று பார்க்கத் தொடங்கினேன்.

ஏப்ரலில் ஒரு ராத்திரி
மூன்றாம் அடுப்பின் பல்பு போயிற்று.
மணி அடித்தது. சரியாகத்தான் அடித்தது.
அந்த அறையில் பத்துக் காது.
எட்டு கேட்கும்.
எட்டும் விளக்குக்காகக் காத்திருந்தன.

மாவுக் கை அப்படியே நின்றது அவளுக்கு.
மூக்கு உயர்ந்தது.
எங்களைப் பார்த்தாள், பல்பைப் பார்த்தாள்,
கதவைத் திறந்தாள்.
ஓரம் மட்டும் கறுத்திருந்தது.
அதை நாங்களே தின்றோம், வெண்ணெய் தடவி,
நின்றபடியே, கொஞ்சம் வெட்கத்தோடு.

விடிந்ததும் புதுத் தாள் ஒன்று நீட்டினாள்.
கோரும் மாற்றம்: உபரி பல்பு, இரண்டு.
காரணம்:
கூட வேலை செய்பவர்களுக்குக் காது கேட்பதில்லை.

சிரிக்காமல்தான் நின்றாள்.
பேனாவைத் தேடினேன்.
அதையும் அவள்தான் கொடுத்தாள்.